பட்டியலில் இருப்பதுதான் வன்முறையா?

மூன்று திருட்டுகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் நள்ளிரவில் ஒரு கடையின் பூட்டை உடைத்துக் கல்லாவில் இருந்த பணத்தை எடுத்துச் செல்கிறார். இரண்டாமவர், குடும்பத்தினர் வெளியூர் சென்றிருக்கும் நேரம் பார்த்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து நகைகளைத் திருடுகிறார். மூன்றாமவர் நுழைவதும் ஒரு வீட்டுக்குள்தான். ஆனால், மாடியறையில் ஒரு மூதாட்டி உறங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. அந்த மூதாட்டி விழிக்கவும் இல்லை. திருடனைப் பார்க்கவும் இல்லை.

மூன்று இடங்களிலும் ஒருவருக்கும் காயமில்லை; எவரையும் யாரும் மிரட்டவில்லை. எனினும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணச் சட்டம் இம்மூவரையும் மூன்று வேறு இடங்களில் நிறுத்துகிறது. கடையில் திருடியவரின் குற்றம் எந்தச் சிறப்புப் பட்டியலிலும் இடம்பெறாது. ஆளில்லாத வீட்டில் திருடியவர் செய்தது 'கடுமையான குற்றம்'. மூதாட்டி உறங்கிய வீட்டில் திருடியவர் செய்ததோ 'வன்முறைக் குற்றம்'.

இவை வெறும் பெயர்கள் அல்ல. ஒருவர் எத்தனை ஆண்டுகள் சிறையில் இருப்பார், நன்னடத்தைக்காகத் தண்டனையில் எவ்வளவு கழியும், அடுத்த முறை சிக்கினால் ஆயுள் முழுவதும் சிறையிலேயே கழியுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பெயர்கள். அவை எவ்வாறு சூட்டப்படுகின்றன என்பதை அறிவது, குற்றமும் தண்டனையும் குறித்த எந்த விவாதத்துக்கும் அடிப்படையானது.

பெருங்குற்றமும் சிறுகுற்றமும்

அமெரிக்கச் சட்டம் குற்றங்களை முதலில் இரு பெரும் பிரிவுகளாக்குகிறது. 'ஃபெலனி' எனப்படும் பெருங்குற்றம் ஒன்று. 'மிஸ்டிமீனர்' எனப்படும் சிறுகுற்றம் மற்றொன்று. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலிருந்து அமெரிக்கா பெற்ற பாகுபாடு இது. பெருங்குற்றம் புரிந்தவர் உயிரையும் உடைமையையும் இழக்க நேரிட்ட காலம் அது. இங்கிலாந்து 1967-இல் இப்பாகுபாட்டைக் கைவிட்டுவிட்டது. அமெரிக்கா இன்றளவும் விடவில்லை. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் இப்பாகுபாட்டை ஏற்கவேயில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை, பிணையில் விடத்தக்கவை என நாம் வேறு வகையில் குற்றங்களைப் பிரித்துப் பழகியவர்கள். 'ஃபெலனி' என்பதற்கு நம் சட்ட வழக்கில் நேரான சொல் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

பொதுவாக, ஓராண்டுக்கு மேற்படாத சிறைவாசத்துக்கு உரியது சிறுகுற்றம். அதற்கு மேற்பட்ட தண்டனைக்கு உரியது பெருங்குற்றம். இரண்டுக்கும் இடையே ஊசலாடும் குற்றங்களும் உண்டு. அரசு வழக்கறிஞரும் நீதிபதியும் கருதுவதற்கேற்ப அவை பெருங்குற்றமாகவும் ஆகலாம், சிறுகுற்றமாகவும் நிற்கலாம். தள்ளாடும் நாற்காலிக்கு உரிய சொல்லைக் கொண்டு 'வாப்ளர்' என்றே இவற்றை அங்குள்ள நீதிமன்றங்கள் அழைக்கின்றன. மேலே கண்ட கடைத் திருட்டு இவ்வகையைச் சேர்ந்தது.

பெருங்குற்றங்களுக்குள் தனியே பிரித்தெடுக்கப்பட்டவைதாம் 'கடுமையானவை', 'வன்முறையானவை' ஆகிய இரண்டும். கலிஃபோர்னியா இவற்றுக்குப் பொது வரையறை எதையும் எழுதவில்லை, பட்டியல் போட்டுவிட்டது. மாகாணத் தண்டனைச் சட்டத்தின் 667.5-ஆம் பிரிவில் வன்முறைக் குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. கொலை, கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, ஆள்கடத்தல், உடல் உறுப்பைச் சிதைத்தல், வாகனத்தை மிரட்டிப் பறித்தல் போன்றவை அதில் உள்ளன. எந்தப் பெருங்குற்றமாயினும், அதைப் புரியும்போது ஒருவருக்குப் பெருங்காயம் விளைவித்திருந்தால் அதுவும் இதில் அடங்கும். 1192.7-ஆம் பிரிவில் இருக்கும் கடுமையான குற்றங்களின் பட்டியல் இன்னும் நீளமானது. ஆளில்லாத வீட்டில் புகுந்து திருடுவது, கொடிய ஆயுதத்தால் தாக்குவது, சிறார்களுக்குக் குறிப்பிட்ட சில போதைப்பொருள்களை விற்பது எனப் பலவும் அதில் உண்டு. வன்முறைக் குற்றங்கள் ஏறக்குறைய அனைத்தும் கடுமையானவையே. கடுமையானவை அனைத்தும் வன்முறையானவை அல்ல.

இரு பட்டியல்களும் பிறந்த காரணங்கள் வெவ்வேறு. நீதிபதி குறைந்தபட்சம் இத்தனை, அதிகபட்சம் இத்தனை ஆண்டுகள் எனப் பொதுவாக விதிக்கும் முறையைக் கைவிட்டு, திட்டவட்டமான தண்டனைக் காலத்தை 1976-இல் கலிஃபோர்னியா சட்டமாக்கியது. மீண்டும் மீண்டும் வன்முறையில் ஈடுபடுவோருக்குக் கூடுதல் தண்டனை வழங்குவதற்காக அப்போது உருவானதே வன்முறைப் பட்டியல். கடுமையான குற்றங்களின் பட்டியலோ 1982-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய எட்டாவது முன்மொழிவின் குழந்தை. அரசுத் தரப்பும் குற்றவாளியும் பேரம் பேசிக் குற்றத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஒரு தேவைக்காக எழுதப்பட்ட பட்டியல், பின்னர் வேறொரு தேவைக்கு எடுத்தாளப்பட்டபோதுதான் சிக்கல் முற்றியது.

மூன்றாவது முறை

1993 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் பெட்டலூமா நகரில், 12 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலிருந்தே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். கொலையாளி ஏற்கெனவே ஆள்கடத்தலுக்காக 16 ஆண்டுகள் தண்டனை பெற்று, அதில் பாதியை மட்டும் கழித்துவிட்டு அவ்வாண்டுதான் வெளியே வந்திருந்தவன். மாகாணமே கொதித்தது. ஃபிரெஸ்னோ நகரில் தம் 18 வயது மகளை வழிப்பறிக்காரர்களிடம் பறிகொடுத்த மைக் ரெனால்ட்ஸ் என்னும் தந்தை, அதற்கு முன்பே ஒரு கடுமையான சட்டத்துக்காகக் குரல் கொடுத்துவந்தார். அதுவரை கேட்பாரற்றிருந்த அக்குரல் இப்போது அனைவர் காதிலும் விழுந்தது. 1994 மார்ச் மாதம் ஆளுநர் பீட் வில்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ 72 சதவீத வாக்காளர்கள் அதை உறுதிசெய்தனர்.

பேஸ்பால் ஆட்டத்தில் மூன்று முறை பந்தைத் தவறவிட்டவர் வெளியேற வேண்டும். அந்த விதியின் பெயரையே இந்தச் சட்டத்துக்கும் வைத்தார்கள். கடுமையான அல்லது வன்முறையான குற்றத்துக்காக ஒரு முறை தண்டிக்கப்பட்டிருந்தால், அடுத்து எந்தப் பெருங்குற்றம் புரிந்தாலும் தண்டனை இரட்டிப்பாகும். அவ்வாறு இரு முறை தண்டிக்கப்பட்டிருந்தால், அடுத்த பெருங்குற்றத்துக்கு 25 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறை. முந்தைய குற்றங்கள் எத்தனை ஆண்டுகள் பழையவை என்பது பொருட்டல்ல. மூன்றாவது குற்றம் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது இல்லை.

விளைவு என்னவாயிற்று? 2000-ஆம் ஆண்டில் கேரி யூயிங் என்பவர் ஒரு கோல்ஃப் மைதானக் கடையிலிருந்து, தலா 399 டாலர் விலையுள்ள மூன்று மட்டைகளைக் கால்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நொண்டியபடி வெளியேறிப் பிடிபட்டார். சிறுகுற்றமாகவும் கருதத்தக்க ஊசலாட்டக் குற்றம் அது. ஆனால், வீடு புகுந்து திருடியது, கொள்ளையடித்தது ஆகிய பழைய குற்றங்கள் அவர்மீது இருந்தன. 25 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறை கிடைத்தது. லியாண்ட்ரோ ஆண்ட்ராடே என்பவர் இரண்டு கடைகளிலிருந்து ஒன்பது வீடியோ நாடாக்களைத் திருடினார். அவற்றின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 153 டாலர். அவருடைய பழைய குற்றங்கள் வீடு புகுந்து திருடியவை. இரண்டு திருட்டுகளுக்கும் தலா 25 ஆண்டுகள் வீதம், 50 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இவ்விரு தண்டனைகளும் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை அல்ல என்று 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

ஆண்ட்ராடேயின் வழக்கைக் கூர்ந்து நோக்கினால் பட்டியலின் வலிமை புலப்படும். நாடாக்களைத் திருடியதற்காக மட்டும் 50 ஆண்டுகள் விதிக்கப்படவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அவர் புரிந்த திருட்டுகள், 'கடுமையான' என்ற பட்டியலில் இருந்ததால் விதிக்கப்பட்டது. அவை வீடுகளாக இல்லாமல் கடைகளாக இருந்திருந்தால், அச்சட்டம் அவரைத் தொட்டிருக்காது.

பெட்டலூமாவில் மகளை இழந்த தந்தை மார்க் கிளாஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தை ஆதரித்தவர்; பின்னர் எதிர்ப்பாளராக மாறினார். தம் காரின் வானொலிப் பெட்டி திருடப்பட்டதையும் தாம் அனுபவித்திருப்பதாகவும், தம் மகள் கொல்லப்பட்டதையும் அனுபவித்திருப்பதாகவும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமக்குத் தெரியும் என்றும் அவர் சொன்னார். சட்டம் அந்த வேறுபாட்டை மறந்துவிட்டது என்பதே அவர் சொன்னதன் உட்பொருள்.

திருத்தம் வர நாளானது. முந்தைய குற்றங்களைக் கணக்கில் கொள்ளாமல் விடும் அதிகாரம் நீதிபதிகளுக்கு உண்டு என்று 1996-இல் ரொமேரோ வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யூயிங்கின் நீதிபதி அதைப் பயன்படுத்த முன்வரவில்லை. மூன்றாவது குற்றமும் பொதுவாகக் கடுமையானதாகவோ வன்முறையானதாகவோ இருந்தாக வேண்டும் என்று 2012-இல் ஏறத்தாழ 69 சதவீத வாக்காளர்கள் சட்டத்தை மாற்றினர். அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் விடுதலை பெற்றனர்.

பட்டியலுக்கு வெளியே

பட்டியல் சிலரை அளவுக்கு மீறித் தண்டித்தது என்பது கதையின் ஒரு பாதி. மறுபாதியைக் காட்டியது 2016-ஆம் ஆண்டு. சிறைகளில் நெரிசல் மிகுந்திருந்த சூழலில், 'வன்முறையற்ற பெருங்குற்றம்' புரிந்தவர்கள் தங்கள் முதன்மைக் குற்றத்துக்கான தண்டனையை முடித்ததும் நிபந்தனை விடுதலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 57-ஆவது முன்மொழிவு கூறியது. ஏறத்தாழ 64 சதவீதத்தினர் ஆதரித்தனர். வன்முறையற்றது எது என்று அந்த முன்மொழிவு விளக்கவில்லை. வன்முறைப் பட்டியலில் இல்லாதவை அனைத்தும் வன்முறையற்றவை என்று சிறைத் துறை பொருள்கொண்டது.

அப்போதுதான் பொதுமக்கள் பலரும் அப்பட்டியலை முதன்முறையாகப் படித்துப் பார்த்தனர். மனைவியை அடித்துக் காயப்படுத்துவது பெருங்குற்றமாகப் பதிவானாலும், காயம் 'பெருங்காயம்' என்ற அளவை எட்டாவிட்டால் அது பட்டியலில் இல்லை. கத்தியைக் கொண்டு தாக்குவது கடுமையான குற்றம். ஆனால், பெருங்காயம் ஏற்படாதவரை வன்முறைக் குற்றம் அன்று. சுயநினைவற்ற பெண்ணைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்குவதுகூட அப்போது அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கவில்லை. உறங்கும் மூதாட்டியின் வீட்டில் ஓசையின்றி நகை திருடியவன் வன்முறையாளன். மனைவியின் முகத்தில் குத்தியவன் வன்முறையற்றவன். பட்டியலை வரிக்கு வரி படிப்பவர் இந்த முடிவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

வீட்டில் ஆள் இருக்கும்போது திருடன் நுழைவது எந்த நொடியிலும் இரத்தக்களரியாக மாறக்கூடும் என்பதே அந்த விதிக்குச் சொல்லப்படும் நியாயம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நேர்ந்த தீங்கைப் போலவே நேர்ந்திருக்கக்கூடிய தீங்கையும் சட்டம் கருதலாம். ஆனால், நேர்ந்திருக்கக்கூடிய தீங்குக்கு வன்முறை என்று பெயரிட்டுவிட்டு, நேர்ந்த தீங்குக்கு அப்பெயரை மறுப்பது எவ்வகை நியாயம்? பட்டியலை விரிவுபடுத்த 2020-இல் ஒரு முன்மொழிவு வந்தது. வாக்காளர்கள் அதை நிராகரித்தனர். பட்டியல் நீண்டால் சிறைகள் மீண்டும் நிரம்பும் என்ற அச்சமும் நியாயமற்றதன்று.

ஒரு பெயர் பட்டியலில் ஏறுவதும் ஏறாமல் போவதும் ஆராய்ந்து எடுக்கப்படும் முடிவுகளாக மட்டும் இருப்பதில்லை. சிறார்களைப் பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதைக் கடுமையான குற்றங்களில் சேர்க்கும் மசோதா, 2023 ஜூலையில் கலிஃபோர்னியா கீழவையின் பொதுப் பாதுகாப்புக் குழுவில் முடக்கப்பட்டது. தண்டனைகளைக் கூட்டிக்கொண்டே போவது பயன் தராது என்பது தடுத்தவர்களின் வாதம். பொதுமக்களின் சினம் பொங்கியது. ஆளுநர் கேவின் நியூசம் தலையிட்டார். சில நாள்களிலேயே குழு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2024 ஜனவரி முதல் அது கடுமையான குற்றம். அக்குற்றத்தின் கொடுமை அந்தச் சில நாள்களில் கூடிவிடவில்லை. மாறியது அரசியல் காற்றுதான்.

வரையறுத்தால் தீருமா?

பட்டியலில் இவ்வளவு முரண் இருக்குமானால், வன்முறை என்றால் என்ன என்று பொதுவாக வரையறுத்து, மற்றதை நீதிமன்றத்திடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அதைத்தான் முயன்று பார்த்தது. முன்பே மூன்று முறை வன்முறைப் பெருங்குற்றத்துக்கோ, கடுமையான போதைப்பொருள் குற்றத்துக்கோ தண்டிக்கப்பட்டவர் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், குறைந்தது 15 ஆண்டுகள் சிறை என்கிறது 1984-ஆம் ஆண்டுச் சட்டம். சில குற்றங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அச்சட்டம், பிறருக்கு உடற்காயம் நேரும் பெரும் ஆபத்தைக் கொண்ட வேறு குற்றங்களும் வன்முறையானவையே என்று ஒரு பொதுத் தொடரையும் சேர்த்தது.

அந்த ஒற்றைத் தொடருக்குப் பொருள் காண உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகள் போராடியது. குடிபோதையில் வாகனம் ஓட்டுவது வன்முறையன்று என்று 2008-இல் கூறியது. வாகனத்தில் காவலரிடமிருந்து தப்பியோடுவது வன்முறைதான் என்று 2011-இல் கூறியது. இறுதியில் 2015-இல், ஜான்சன் வழக்கில், என்ன பொருள் என்று எவரும் உறுதியாகச் சொல்ல இயலாத தெளிவற்ற தொடர் அது என்று கூறி ரத்துசெய்தது.

எஞ்சிய வரையறையும் வேறொரு விந்தைக்கு இட்டுச்சென்றது. குற்றவாளி உண்மையில் என்ன செய்தார் என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. அக்குற்றத்துக்குச் சட்டம் தரும் இலக்கணத்தை மட்டுமே பார்க்கிறது. உடல்பலத்தைப் பயன்படுத்துவதோ, பயன்படுத்த முயல்வதோ, அவ்வாறு மிரட்டுவதோ அந்த இலக்கணத்திலேயே இன்றியமையாத கூறாக இருக்க வேண்டும். இதே அளவுகோலைக் கொண்ட மற்றொரு சட்டத்தின் கீழ், 2022-இல் டெய்லர் வழக்கு வந்தது. கொள்ளை முயற்சி ஒன்றில் கூட்டாளி சுட்டதில் ஒருவர் உயிரிழந்த வழக்கு அது. ஆயினும், கொள்ளைக்கு முயல்வதை மெய்ப்பிக்க பலப்பிரயோகத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதால், கொள்ளை முயற்சி வன்முறைக் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. சட்டத்தின் வாசகப்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு அதை எவ்வாறு விளக்குவது?

ஆக, பட்டியல் துல்லியமானது, ஆனால், கண்ணற்றது. வரையறை விரிந்து நோக்குகிறது. ஆனால், ஆளுக்கொரு பொருள் தருகிறது. எது செய்தால் என்ன தண்டனை என்பதைக் குடிமகன் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பது நீதியின் அடிப்படை. அதைப் பட்டியல்தான் மேலாகக் காக்கிறது என்பதால் அதை அடியோடு கைவிடச் சொல்வதற்கில்லை. ஆனால், பட்டியலில் ஒரு குற்றத்தைச் சேர்க்கும்போது, மனித உடலுக்கும் உயிருக்கும் அது இழைக்கும் தீங்கை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அன்றைய நாளிதழ்த் தலைப்பு அளவுகோலாகிவிடக் கூடாது. ஒரு தேவைக்காக எழுதிய பட்டியலை வேறொரு சட்டத்துக்கு இரவல் வாங்குமுன், புதிய விளைவுகளை அப்பட்டியல் தாங்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, தம் முன் நிற்கும் மனிதர் செய்தது என்ன என்று பார்த்துத் தீர்ப்பளிக்கும் இடத்தை நீதிபதிக்கு விட்டுவைக்க வேண்டும். ரொமேரோ தீர்ப்பின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

'வன்முறையற்ற கைதிகள் விடுதலை', 'கொடுங்குற்றவாளிக்குக் குறைந்த தண்டனை' என்றெல்லாம் செய்திகள் வரும்போது நாம் உடனே மகிழ்கிறோம், அல்லது கொதிக்கிறோம். அந்தச் சொல் நடந்ததைக் குறிக்கிறதா, சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் குறிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. திருட்டுக்கும் கொலைக்கும் உள்ள வேறுபாட்டை மகளை இழந்த ஒரு தந்தையால் உணர முடிந்தது. அவ்வளவு துயரில் இல்லாத சட்டமியற்றுவோரிடம் அந்தத் தெளிவை எதிர்பார்ப்பது மிகையாகாது.